கையேடு தாளில் வேண்டுமா, திரையில் வேண்டுமா?
வீட்டிற்கு வரும் மருந்தும் கருவியும் உங்களிடம் சொல்ல வேண்டியவை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒரு குடும்பத்தின் பையில் இன்று பல பொருள்கள் இருக்கின்றன. மாத்திரை அட்டைகளோடு இன்சுலின் பேனா, குளுக்கோமீட்டர், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, நெபுலைசர் ஆகியவையும் செல்கின்றன. சிலர் ஆக்சிஜன் செறிவூட்டியையும் வாங்கிச் செல்கின்றனர். வார்டில் பயிற்சி பெற்ற செவிலியர் கையாண்ட கருவியை வீட்டில் மனைவியோ மகனோ மருமகளோ இயக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத் துணையாக இருப்பது பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட வழிகாட்டித் தாள்.

அந்தத் தாளும் இப்போது மெல்ல மறைந்து வருகிறது. அதன் இடத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த ஒரு கியூ.ஆர். குறியீடு அச்சிடப்படுகிறது. கைப்பேசியால் அதைப் படம் பிடித்தால் விவரங்கள் திரையில் தோன்றும் என்பது ஏற்பாடு. காகிதம் மிச்சமாகிறது, செலவு குறைகிறது, விவரங்களை உடனுக்குடன் புதுப்பிக்கவும் முடிகிறது. ஆயினும் இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும் தந்தைக்கு நெபுலைசர் வைக்க முனையும் மகளுக்கு இந்த மாற்றம் உதவியாக இருக்குமா, இடையூறாக இருக்குமா? நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

பீளமேட்டுக்கு இது புதிய செய்தி அன்று. மோட்டாரும் பம்புசெட்டும் செய்து நாடெங்கும் அனுப்பும் பகுதி நம்முடையது. மோட்டாரை எப்படி இணைப்பது என்று காட்டும் படம் எவ்வளவு முக்கியம் என்பது இங்குள்ள தொழிலாளர் அனைவருக்கும் தெரியும். இணைப்புத் தவறி மோட்டார் கருகினால் காயில் கட்டி மீண்டும் ஓட்டிவிடலாம். மருந்தின் அளவு தவறினால் அப்படிச் சரிசெய்துகொள்ள இயலாது. ஆகவே மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் உரிய வழிகாட்டுதலை இன்னும் கூடுதலான கவனத்தோடு அணுக வேண்டியிருக்கிறது.

மருந்துப் பெட்டியின் குறியீடு எதைச் சொல்கிறது?

இந்தியாவில் அதிகமாக விற்பனையாகும் 300 மருந்து வணிகப் பெயர்களுக்குக் கியூ.ஆர். குறியீடு அல்லது பட்டைக் குறியீடு கட்டாயம் என்று நடுவண் அரசு 2022 நவம்பரில் அறிவித்தது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் இதற்கெனப் புதிய அட்டவணை ஒன்று சேர்க்கப்பட்டு, 2023 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காய்ச்சலுக்குப் பலரும் அறிந்த டோலோ, கால்பால், ஒவ்வாமைக்கான அலெக்ரா, சுண்ணாம்புச் சத்துக்கான ஷெல்கால் போன்றவை அப்பட்டியலில் உள்ளன.

இக்குறியீட்டில் இடம்பெற வேண்டியவை எவை என்பதையும் விதி வரையறுத்திருக்கிறது. பொருளின் தனி அடையாள எண், மருந்தின் பொதுப்பெயர், வணிகப்பெயர், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தொகுப்பு எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உற்பத்தி உரிம எண் ஆகிய எட்டு விவரங்களே அவை. போலி மருந்தைக் கண்டறிய உதவுவதே இவ்விதியின் நோக்கம்.

இந்த எட்டு விவரங்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். மருந்தை உணவுக்கு முன் உண்பதா பின் உண்பதா என்பது அவற்றில் இல்லை. பக்கவிளைவுகள் இல்லை. கருவுற்றிருப்போர் உண்ணலாமா என்பதும் இல்லை. எனவே பெட்டியில் குறியீடு இருக்கிறது என்பதாலேயே அதற்குள் முழு வழிகாட்டுதலும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மருந்து உண்மையானதா என்று சரிபார்க்க அது ஒரு கருவி. அதை எப்படி உண்பது என்பதை மருத்துவரும் மருந்தாளுநரும்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. மாத்திரை அட்டையில் இடம் போதாதபோது குறியீட்டை வெளிப்பெட்டியில் அச்சிட விதி இடம் தருகிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் பலரும் பெட்டியோடு வாங்குவதில்லை. ஓர் அட்டையோ, அதில் பாதியோ, ஐந்து மாத்திரையோதான் வாங்குகிறோம். பெட்டி கடையிலேயே தங்கிவிடும்போது குறியீடும் அங்கேயே தங்கிவிடுகிறது. அட்டையை வெட்டித் தரும்போது காலாவதி நாள் அச்சான பகுதியும் போய்விடலாம். அத்தகைய வேளையில் காலாவதி நாளையும் மருந்தின் பெயரையும் உறையின் மேல் எழுதித் தருமாறு கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

குறியீட்டினால் வரும் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். மருந்தின் பொதுப்பெயரை அது தெளிவாகக் காட்டுகிறது. ஒரே பாராசிட்டமால் வெவ்வேறு வணிகப் பெயர்களில் விற்கிறது. சளி, காய்ச்சலுக்கான கூட்டு மருந்துகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. இரு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த இரு பெயர்களுக்குள் ஒரே மருந்து இருந்தால், நோயாளி அறியாமலே இரட்டிப்பு அளவை உண்டுவிடுவார். பாராசிட்டமால் அளவுக்கு மிஞ்சினால் கல்லீரலைத் தாக்கும். ஆகவே புதிய மருந்து வீட்டிற்கு வரும்போதெல்லாம் பொதுப்பெயரைப் பார்த்து, ஏற்கெனவே உள்ள மருந்துகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பானும் ஐரோப்பாவும் எங்கே கோடு கிழித்தன?

தாளைக் கைவிடுவது பற்றி நமக்கு முன்பே சிந்தித்த நாடுகள் உள்ளன. ஜப்பானில் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளின் பெட்டிக்குள் வைக்கப்பட்ட தாள், 2021 ஆகஸ்டு 1 முதல் மின்வடிவத்துக்கு மாறத் தொடங்கியது. இரண்டு ஆண்டு இடைக்காலத்திற்குப் பின் 2023இல் அம்மாற்றம் நிறைவுற்றது. இதற்குக் காரணம் எளிது. ஒரு மருத்துவமனைக்கு ஒரே மருந்தின் நூறு பெட்டிகள் வந்தால், அதே தாள் நூறு முறை வந்து குப்பைக்குச் செல்கிறது. புதிய எச்சரிக்கை வெளியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் தாளோ பழையதாகவே இருக்கிறது. மருந்தாளுநர் குறியீட்டைப் படம் பிடித்தால் அன்றைய நிலவரம் திரையில் கிடைக்கிறது.

ஆனால் மருத்துவர் சீட்டு இல்லாமல் பொதுமக்கள் கடையில் நேரடியாக வாங்கும் மருந்துகளுக்கு ஜப்பான் தாளை நீக்கவில்லை. அவற்றை வாங்குபவர் வீட்டில் தாமே படித்துத் தாமே உண்பவர் என்பதால் தாள் தொடர்கிறது.

ஐரோப்பிய ஒன்றியமும் மருத்துவக் கருவிகளுக்கு ஏறத்தாழ இதே வழியைப் பின்பற்றுகிறது. 2021 டிசம்பரில் வெளியான விதிப்படி, மருத்துவத் துறையினர் மட்டுமே பயன்படுத்தும் சில வகைக் கருவிகளுக்கு மின்வடிவக் கையேடு போதும். கேட்பவருக்கு ஏழு நாள்களுக்குள் கூடுதல் கட்டணமின்றி அச்சுப் பிரதியை அனுப்ப வேண்டும். 2025இல் இச்சலுகை துறையினர் பயன்படுத்தும் பிற கருவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பொதுமக்கள் பயன்படுத்தும் கருவி என்றால் அவர்களுக்குரிய கையேடு தாளில்தான் இருக்க வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

இரண்டு இடங்களிலும் முடிவு ஒன்றுபோல இருப்பது கவனிக்கத்தக்கது. படிப்பவர் யார், எந்த இடத்தில் எந்த நிலையில் படிக்கிறார் என்பதை வைத்தே அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். மருத்துவமனையில் கணினி உண்டு, மின்சாரம் உண்டு, பயிற்சி பெற்றவர் உண்டு. வீட்டில் இவை எல்லா நேரமும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் 2018 சனவரி 1 முதல் செயல்படுகின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. கருவியின் மேல் என்னென்ன விவரங்கள் அச்சிடப்பட வேண்டும் என்பதை இவ்விதிகள் கூறுகின்றன. எச்சரிக்கையும், சேமித்து வைக்க வேண்டிய முறையும், தொகுப்பு எண்ணும், காலாவதி நாளும் அவற்றுள் அடங்கும். எனினும் நம் பகுதிக் குடும்பங்கள் கொண்டுவந்து காட்டும் பெட்டிகளில் எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அதுவும் கண்ணாடி போட்டாலும் படிக்க இயலாத அளவில் இருக்கின்றன.

இன்சுலின் குப்பியில் ஓர் எண்

அச்சில் உள்ள ஒரு சிறு எண் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இன்சுலினை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டது. பேனாவில் பொருத்தும் இன்சுலின் பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்டது. அதைவிடச் செறிவான வகைகளும் உண்டு. ஊசிக்குழல்களும் இதற்கேற்ப இருவகைப்படும். 40 அலகுக்கான குழலின் மூடி சிவப்பாகவும், 100 அலகுக்கான குழலின் மூடி ஆரஞ்சு நிறத்திலும் இருக்கும்.

மருத்துவர் 20 அலகு போடச் சொல்லியிருக்கிறார் என்று கொள்வோம். 40 அலகுக் குப்பியிலிருந்து 40 அலகுக் குழலில் 20 என்ற கோடு வரை எடுத்தால் சரியான அளவு கிடைக்கும். அதே குப்பியிலிருந்து 100 அலகுக் குழலில் 20 வரை எடுத்தால் உடலுக்குள் செல்வது 8 அலகு மட்டுமே; சர்க்கரை குறையாது. மாறாக, 100 அலகு இன்சுலினை 40 அலகுக் குழலில் 20 வரை எடுத்தால் உள்ளே செல்வது 50 அலகு. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து நோயாளி நினைவிழக்கலாம்; உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கடையில் வழக்கமான குழல் இல்லை என்று வேறொன்றைத் தரும்போது இத்தவறு நேர்கிறது. பேனா பழுதாகிவிட்டது என்று அதன் உறையிலிருந்து ஊசிக்குழலால் இன்சுலினை உறிஞ்சி எடுக்கும்போதும் நேர்கிறது. பின்னதை ஒருபோதும் செய்யக் கூடாது. குப்பியின் மேல் உள்ள எண்ணும் குழலின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். இதைப் பார்க்க இணையம் தேவையில்லை. எண் பொருளின் மேலேயே அச்சாகியிருக்கிறது.

இன்சுலினைச் சேமிப்பதிலும் இப்படியே. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசு வரை குளிர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். உறைந்து கட்டியாகிவிட்டால் பயன்படாது. ஆகவே உறைபெட்டியில் வைக்கலாகாது. திறந்த பின் பல வகைகளை 28 நாள் வரை பயன்படுத்தலாம். இது வகைக்கு வகை மாறும் என்பதால் உறையைப் படித்தே அறிய வேண்டும். திறந்த நாளை ஒரு சிறு தாளில் எழுதிக் குப்பியின் மேல் ஒட்டிவிடுங்கள். கணக்கு தவறாமல் இருக்க இது போதும்.

இதைப் போலவே கவனம் வேண்டிய இன்னொரு மருந்து மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்திற்கும் சில தோல் நோய்களுக்கும் இதை வாரத்திற்கு ஒரே முறை உண்ணக் கொடுக்கிறோம். மற்ற மாத்திரைகளைப் போல நாள்தோறும் உண்டுவிட்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே இடர் ஏற்படும். உலகின் பல நாடுகளில் இவ்வாறு நேர்ந்திருக்கிறது. வாரத்தின் எந்த நாள் என்பதை உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதித் தருமாறு கேளுங்கள். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் கண்ணில் படும்படி அது இருக்க வேண்டும்.

தாளின் பலமும் திரையின் பலமும்

தாளுக்கு மின்னேற்றம் தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தால் வீட்டில் உள்ள அனைவரும் பார்ப்பார்கள். கைப்பேசியோ ஒருவருடையது. மகன் திருப்பூருக்கு இரவுப் பணிக்குச் சென்றால் வீட்டின் ஒரே திறன்பேசியும் அவரோடு சென்றுவிடுகிறது. ஆனைகட்டி, வால்பாறை போன்ற மலைப்பகுதிகளிலிருந்து வருவோர் வீட்டிற்குள் இணைய இணைப்பே கிடைப்பதில்லை என்கின்றனர். அத்தகைய வீட்டிற்குக் கியூ.ஆர். குறியீட்டை மட்டும் தந்து அனுப்புவது, பூட்டிய பெட்டியைத் தந்து திறவுகோலை மறைத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

தாளுக்குக் குறைகளும் உள்ளன. எழுத்து பொடியாக இருக்கிறது. பல மொழிகளை ஒரே தாளில் அடைத்து, அவற்றுள் தமிழ் இல்லாமல் போகிறது. பெட்டியைத் தூக்கி எறியும்போது தாளும் சேர்ந்து போகிறது. எல்லாவற்றையும் விட, அச்சான பின் தெரியவந்த ஆபத்தை அந்தத் தாள் சொல்லாது. 2021 சூனில் பிலிப்ஸ் நிறுவனம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவோர் பயன்படுத்தும் சிபாப் கருவிகளையும் சில வகை வென்டிலேட்டர்களையும் உலகெங்கும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஒலியைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பொருள் சிதைந்து, அதன் துகள்கள் காற்றோடு மூச்சுக்குள் செல்லக்கூடும் என்பதே காரணம். தம்மிடம் உள்ள கருவி அவ்வரிசையைச் சேர்ந்ததா என்பதைப் பயனர்கள் வரிசை எண்ணை இணையத்தில் பதிந்துதான் அறிய முடிந்தது. பெட்டியில் வந்த கையேடு அதைச் சொல்லியிருக்க இயலாது.

திரைக்கு வேறு சிறப்புகளும் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கலாம். கண்பார்வை குறைந்தோர்க்குக் கைப்பேசியே உரக்கப் படித்துக் காட்டும். இன்ஹேலரை எப்படி உறிஞ்சுவது என்பதைப் பத்து வரிகளில் படிப்பதை விட ஒரு நிமிடக் காணொளியில் பார்ப்பது எளிது. அது தமிழில் இருந்தால் இன்னும் நன்று.

ஆகவே நாங்கள் சொல்வது இதுதான்: வீட்டில் பயன்படும் எந்தப் பொருளுக்கும் உயிர்காக்கும் செய்திகள் தாளில், தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். விரிவான விளக்கமும், புதிய எச்சரிக்கைகளும், செய்முறைக் காணொளிகளும் திரையில் இருக்கலாம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கும் நிலை வரக் கூடாது.

குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

மருத்துவக் கருவிகளின் பெட்டியில் சொற்களுக்குப் பதிலாகப் பன்னாட்டுக் குறிகள் இருப்பதைக் காணலாம். எந்த மொழியினரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்டவை அவை. ஆங்கிலம் அறியாதோரும் இவற்றை எளிதில் கற்றுக்கொள்ளலாம்.

• மணற்கடிகாரம்: அதன் அருகே உள்ள நாளுக்குள் பயன்படுத்த வேண்டும்.
• 2 என்ற எண்ணின் மேல் குறுக்குக் கோடு: ஒரு முறை மட்டுமே பயன்படுத்தலாம், கழுவி மீண்டும் பயன்படுத்தக் கூடாது.
• முக்கோணத்துக்குள் வியப்புக் குறி: எச்சரிக்கை உண்டு, கையேட்டைப் படியுங்கள்.
• விரிந்த புத்தகம்: பயன்படுத்தும் முன் வழிகாட்டுதலைப் பார்க்க வேண்டும். அதனருகே இணைய முகவரி இருந்தால் கையேடு மின்வடிவில் உள்ளது என்று பொருள்.
• மழைத்துளிகளின் கீழ் குடை: ஈரம் படாமல் வைக்க வேண்டும்.
• கதிர் வீசும் சூரியன்: வெயில் படக் கூடாது.
• வெப்பமானியும் இரண்டு எண்களும்: அந்த இரு வெப்பநிலைகளுக்கு இடையில் வைக்க வேண்டும்.
• கிழிந்த பெட்டியின் மேல் வட்டமும் கோடும்: உறை கிழிந்திருந்தால் பயன்படுத்தக் கூடாது.

மாத்திரை அட்டையின் ஓரத்தில் நெடுக ஒரு செங்கோடு இருந்தால், அதை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவோ உண்ணவோ கூடாது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைத் தாமாக வாங்கி உண்பதைத் தடுப்பதற்காக 2016இல் நடுவண் அரசு இச்செங்கோட்டைப் பற்றி நாடளாவிய பரப்புரை செய்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த கருவி

கொங்கு நாட்டில் அயல்நாட்டில் உறவினர் இல்லாத குடும்பம் குறைவு. அவர்கள் அன்போடு வாங்கி அனுப்பும் கருவிகளில் தனிக் கவனம் வேண்டும். குளுக்கோமீட்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் நாட்டில் சர்க்கரையை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறோம். சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் மில்லிமோல் என்ற அலகில் அளக்கின்றனர். அங்கிருந்து வந்த கருவி 7 என்று காட்டினால் அது நம் கணக்கில் 126. அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான எண் கிடைக்கும். இது தெரியாதவர், சர்க்கரை மிகத் தாழ்ந்துவிட்டது என்று அஞ்சி இனிப்பைக் கொடுத்துவிடக்கூடும். அக்கருவிக்குரிய சோதனைப் பட்டைகள் இங்கே கிடைக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் 30 அன்று, தனிப்பட்ட பயன்பாட்டுக்காக ஆக்சிஜன் செறிவூட்டிகளை அஞ்சல், கூரியர் வழியாக இறக்குமதி செய்ய நடுவண் அரசு சூலை 31 வரை இடமளித்தது. அன்று வந்த கருவிகளுள் சில இன்னும் வீடுகளில் உள்ளன. ஒருவர் பயன்படுத்திய பின் உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கைமாறுகின்றன. கருவி கைமாறும்போது கையேடு உடன் செல்வதில்லை. அத்தகைய கருவியைப் பெற்றவர்கள் மாதிரி எண்ணைக் கொண்டு கையேட்டை இணையத்தில் பதிவிறக்கி, இயக்கும் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் புகைத்தலும் விளக்கு ஏற்றுதலும் கூடாது. அடுப்புக்கு அருகிலும் வைக்கக் கூடாது. காற்று வடிகட்டியைக் கையேடு சொல்லும் இடைவெளியில் தூய்மை செய்ய வேண்டும். நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்பது மருத்துவர் சொன்னபடியே இருக்க வேண்டும். மூச்சு வாங்குகிறது என்று தாமாகக் கூட்டக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளோர் சிலருக்கு அதிக ஆக்சிஜனே தீங்காகும்.

வீடு திரும்பும் முன் கேட்க வேண்டியவை

எங்கள் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் உங்கள் கேள்விகளுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள். விடுவிப்புச் சுருக்கத்தை வாங்கிக்கொண்டு அவசரமாகப் புறப்பட்டுவிடாமல் கீழ்க்காண்பவற்றைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

1. ஒவ்வொரு மருந்தும் எதற்காக, எப்போது, எத்தனை நாள்? தமிழில் எழுதி வாங்குங்கள்.
2. கருவியை நீங்களே எங்கள் முன் ஒருமுறை இயக்கிக் காட்டுங்கள். தலையசைத்துக் கேட்பதைவிடக் கையால் செய்து பார்ப்பது மனத்தில் நிற்கும். வீட்டில் உண்மையில் கவனித்துக்கொள்ளப் போகிறவரே இதைச் செய்ய வேண்டும்.
3. கையேடு தாளில் இருக்கிறதா? இல்லையெனில் விற்பவரிடம் அச்சுப் பிரதி கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் முக்கியப் பக்கங்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.
4. கியூ.ஆர். குறியீட்டை மருத்துவமனையிலோ கடையிலோ இருக்கும்போதே ஒருமுறை படம் பிடித்துப் பாருங்கள். கையேடு திறந்தால் அதைக் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். பிறகு இணையம் இல்லாவிட்டாலும் படிக்கலாம். கையேட்டைக் காட்டும் பக்கம் வங்கி விவரத்தையோ கடவு எண்ணையோ ஒருபோதும் கேட்காது. கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.
5. கருவியின் மாதிரி எண், வரிசை எண், வாங்கிய நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரசீதையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் இந்த எண்களே உதவும். இதயமுடுக்கி போன்றவை பொருத்தப்பட்டோர் அதற்குரிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும்.
6. எந்த அறிகுறி தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்? இதைத் தனித்தாளில் எழுதி, எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

தீங்கு நேர்ந்தால் தெரிவியுங்கள்

மருந்து உண்ட பின் எதிர்பாராத விளைவு ஏற்பட்டாலோ, கருவி தவறாக இயங்கினாலோ அதை உங்களோடு நிறுத்திவிடாதீர்கள். முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதன் பின் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கும் தெரிவிக்கலாம். மருந்துகளின் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010 முதலும், கருவிகளுக்கான திட்டம் 2015 முதலும் செயல்படுகின்றன. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. பொதுமக்கள் நிரப்புவதற்கான படிவம் தமிழிலும் உண்டு. ஓரிடத்தில் ஒருவர் தரும் தகவல் தனித்து நின்றால் சிறிதாகத் தோன்றலாம். பல ஊர்களிலிருந்து அதே தகவல் வரும்போதுதான் ஒரு மருந்தின் எச்சரிக்கை வாசகம் திருத்தப்படுகிறது. நாளை இன்னொரு வீட்டில் படிக்கப்படும் கையேட்டில் உங்கள் அனுபவமும் ஒரு வரியாக இடம்பெறக்கூடும்.

பொதுவான மருத்துவ ஐயங்களுக்குத் தமிழ்நாடு அரசின் 104 எண்ணையும், அவசரத்திற்கு 108 எண்ணையும் அழைக்கலாம். இவ்விரு எண்களையும் மேற்சொன்ன குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது மருந்துகளோடு அந்தக் குறிப்பேட்டையும், படித்துப் புரியாத கையேடு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். மருந்தகத்தில் அமர்ந்து சேர்ந்து படித்துப் புரிந்துகொள்ளலாம்.